தாப்பாவில் 100, தானா ராத்தாவில் 85

பறித்த கொழுந்து காத்திருக்காது. செடியை விட்டுப் பிரிந்த பிறகும் இலை மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மூட்டையில் நெருக்கி அடைத்தால் உள்ளே சூடேறும். ஆலைக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே சிவக்கத் தொடங்கிவிடும். 1929-இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் கேமரன் மலையில் போ தோட்டத்தைத் தொடங்கிய நாளிலிருந்து, தமிழ்த் தொழிலாளர்கள் நிரை பிடித்துப் பறித்த கொழுந்து காலம் கடத்தாமல் ஆலைக்குப் போயாக வேண்டும் என்பதில் மாற்றமில்லை. அந்த வளைவுச் சாலைகளில் ஒரு பிக்கப் நின்றுவிட்டால், பின்னால் ஏற்றியிருக்கும் அன்றைய உழைப்பும் அதோடு நின்றுவிடுகிறது.

அப்படிப்பட்ட இடத்தில் டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிகிறது. 'செக் இஞ்சின்'. வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ரிங்லெட்டில் இருக்கும் ஃபோர்மனிடம் (மலேசியாவில் மெக்கானிக்குக்கு அதுதான் பெயர்) கொண்டுபோவதா, அல்லது நாளைவரை தாங்குமா? இந்தக் கேள்விக்குத் தாங்களே விடை தேட விரும்பும் வண்டிக்காரர்கள் இப்போது கட்டைவிரல் பருமனில் ஒரு கம்பியில்லா அடாப்டர் வாங்கி, வீட்டில் இருக்கும் டேப்லெட்டை அதோடு இணைக்கப் பார்க்கிறார்கள். ஆப் கடையைத் திறந்தால் வரிசையாகப் பெயர்கள்: டார்க், கார் ஸ்கேனர், ஓபிடி ஃப்யூஷன், ஃபோர்ஸ்கேன். எதை எடுப்பது?

பெரும்பாலோர் ஆப்பிலிருந்து தொடங்குகிறார்கள். நட்சத்திரக் குறியைப் பார்க்கிறார்கள், வண்ண வண்ண முள் காட்டிகளைப் பார்க்கிறார்கள், பணம் கட்டிவிடுகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் வண்டி. அது எந்த மொழி பேசுகிறது, எவ்வளவு பேசும் என்று தெரிந்தால் பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

கேமரன் மலையில் இது வெறும் சம்பிரதாயக் கேள்வி இல்லை. காய்கறித் தோட்டங்களில் முட்டைக்கோஸ் கூடைகளோடு இன்றும் ஏறி இறங்கும் பழைய லேண்ட் ரோவர்களுக்கு இந்த மலை பெயர்பெற்றது. அவற்றில் பலவற்றில் கணினியே கிடையாது. டீசல் பம்ப் முழுக்க இயந்திர வேலை. அடாப்டரைச் செருகத் துளைகூட இருக்காது. கார்புரேட்டர் காலத்து கன்சில், முதல் தலைமுறை புரோட்டோன் சாகா ஆகியவற்றுக்கும் இதே கதைதான். இன்னொரு வகை வண்டிகளில் பதினாறு துளை கொண்ட இணைப்பு பார்ப்பதற்குச் சரியாகவே இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் கணினி அந்த நிறுவனத்தின் சொந்த மொழியில் மட்டும்தான் பேசும். துளை ஒன்றாக இருப்பதால் மொழியும் ஒன்று என்று நம்பி ஆப் வாங்கியவர்கள் ஏமாந்திருக்கிறார்கள்.

ஏன் இப்படி? அந்தத் துளை எதற்காகப் பிறந்தது என்று பார்த்தால் விளங்கும். அது ஃபோர்மனின் வசதிக்காகப் பிறக்கவில்லை. புகைக்காகப் பிறந்தது.

1940-களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியல் அறிஞர் அன்னாசிப்பழத்தின் மணம் எந்தெந்தப் பொருள்களால் ஆனது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து மக்கள் கண்ணெரிச்சலில் தவித்துக்கொண்டிருந்த காலம் அது. பழத்தின் மணத்தைக் குளிரவைத்துப் பிடித்த அதே முறையில் அவர் நகரத்துக் காற்றையும் பிடித்துப் பார்த்தார். கார்களும் எண்ணெய் ஆலைகளும் கக்கும் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்பதை 1950-களின் தொடக்கத்தில் அவர் நிறுவினார். 1968-இல் கலிஃபோர்னியக் காற்றுவள வாரியத்தின் முதல் தலைவரானார். அந்த வாரியம்தான் பின்னாளில் ஒரு விதி கொண்டுவந்தது: புகையைக் கட்டுப்படுத்தும் உறுப்பு எது கெட்டாலும் வண்டியே அதைக் கண்டுபிடித்து ஓட்டுநரிடம் சொல்ல வேண்டும். 1988 மாடல் வண்டிகளில் முதல் வடிவம் வந்தது. எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே இணைப்பு, ஒரே குறியீடு என்ற இரண்டாம் வடிவம், அதாவது ஓபிடி-2, 1996 மாடலிலிருந்து அமெரிக்கா முழுவதும் கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல் வந்தது.

ஆகவே சட்டம் பொதுவாக்கியது புகையோடு தொடர்புள்ள பேச்சை மட்டும். இஞ்சின் வேகம், குளிர்நீரின் சூடு, எரிபொருள் திருத்தம், ஆக்சிஜன் சென்சார், வினையூக்கி ஆகியவை எந்த ஆப்புக்கும் திறந்திருக்கும். பிரேக், ஏர்பேக், கியர்பெட்டி, கதவுப் பூட்டு ஆகியவை பெரும்பாலும் நிறுவனத்தின் தனிமொழியில் அடைபட்டவை. "எல்லாக் காரையும் படிக்கும்" என்று ஓர் ஆப் சொன்னால், எல்லாக் காரிலும் இந்தப் பொதுப் பகுதியைப் படிக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பேச்சை ஒருமுறை பக்கத்தில் போய்க் கேட்கலாம்.

ஸ்டீரிங்குக்குக் கீழே முழங்காலுக்கு நேராக அந்த இணைப்பு இருக்கும். 16-ஆம் துளையில் பேட்டரியின் மின்சாரம் எப்போதும் இருக்கிறது. 4-உம் 5-உம் தரை. புதிய வண்டிகளில் 6-உம் 14-உம் சேர்ந்து 'கேன்' என்ற இரட்டைக் கம்பி. பாஷ் நிறுவனம் உருவாக்கி 1986-இல் டெட்ராய்ட்டில் அறிமுகப்படுத்திய வலையமைப்பு அது. சற்றுப் பழைய ஆசிய, ஐரோப்பிய வண்டிகளில் 7-ஆம் துளையில் 'கே லைன்' என்ற ஒற்றைக் கம்பி. அடாப்டரைச் செருகி, சாவியைத் திருப்பியதும் டேப்லெட் ஒரு கேள்வி அனுப்புகிறது: 01 0சி. 'இப்போதைய நிலவரத்தில் இஞ்சின் வேகத்தைச் சொல்' என்று அர்த்தம். பதில் வருகிறது: 41 0சி 0சி 80. முதல் இரண்டும் கேள்வியைத் திருப்பிச் சொல்லும் அடையாளம். மிச்சம் இருக்கும் இரண்டும் பதினாறின் அடியில் எழுதிய எண்கள். அதில் 9-க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரையான எழுத்துகள் 10 முதல் 15 வரையான எண்களைக் குறிக்கும். 0சி என்றால் 12, 80 என்றால் 128. பன்னிரண்டை 256-ஆல் பெருக்கி 128-ஐக் கூட்டினால் 3,200. நான்கால் வகுத்தால் 800. இஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது.

குளிர்நீரின் சூட்டைக் கேட்டால் 41 05 7பி என்று வரலாம். 7பி என்பது 123. அதிலிருந்து 40 கழித்தால் 83 டிகிரி. உறைபனிக்குக் கீழான சூட்டையும் குறைக்குறி இல்லாமலே சொல்வதற்காக வைத்த 40 அது. எந்த ஆப்பின் அழகான முள்ளுக்குப் பின்னாலும் நடப்பது இந்தக் கூட்டல் கழித்தல்தான். ஓர் ஆப்புக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு வருவது வேறு இடங்களில்.

நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் அடாப்டர். கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் 2005-ஐ ஒட்டி வெளியிட்ட எல்ம் 327 என்ற சில்லு, வண்டிகளின் பல மொழிகளையும் புரிந்துகொண்டு எளிய எழுத்துகளாக மாற்றித் தந்தது. 1980-களின் ஹேய்ஸ் மோடத்துக்குக் கட்டளை கொடுத்த அதே 'ஏடி' வரிகளைத்தான் இதற்கும் கொடுக்கிறோம். முதல் பதிப்பில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லை. உலகம் முழுவதும் போலிகள் பெருகின. அவற்றில் பல '1.5' என்று பதிப்பு எண் காட்டும். அப்படி ஒரு பதிப்பை எல்ம் வெளியிட்டதே இல்லை. அந்த நிறுவனம் 2022-இல் கடையை மூடிவிட்டது. ஆனாலும் சந்தையில் விற்கும் மலிவான அடாப்டர்களின் மேலட்டையில் அதன் பெயர் இன்னும் இருக்கிறது.

போலி என்றாலே வேலை செய்யாது என்று சொல்ல முடியாது. கேன் வண்டியில் சூட்டையும் வேகத்தையும் அது ஒழுங்காகவே படித்துவிடும். தடுமாறும் இடம் நீண்ட பதில். கேனில் ஒரு செய்திக்கு எட்டு பைட்தான் இடம். பதினேழு எழுத்து கொண்ட வண்டியின் அடையாள எண் மூன்று துண்டாகத்தான் வரும். மட்டமான அடாப்டர் அதில் ஒரு துண்டை விழுங்கிவிடுகிறது. கே லைன் வண்டியிலும் சில போலிகள் வாயே திறப்பதில்லை. ஆப் சரியில்லை என்று மாற்றி மாற்றிக் காசு செலவழிப்பவர்களில் பலரின் குறை அடாப்டரில்தான் இருக்கிறது. செலவழிக்கக் கொஞ்சம்தான் பணம் இருக்கிறது என்றால் அதில் பெரும்பகுதியை அடாப்டருக்குக் கொடுப்பதே சரி. நல்ல ஆப்களின் இலவசப் பதிப்பே தொடக்கத்துக்குப் போதும்.

மலையில் இருப்பவர்களுக்கு அடாப்டரையும் ஆப்பையும் ஒருசேரச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. சமவெளிக்காரர்களுக்கு அது வாய்க்காது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை சுமார் 60 கிலோமீட்டர். ஏறக்குறைய கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. காற்றழுத்தத்தைக் கேட்கும் கேள்விக்கு எண் 33. தாப்பாவில் கேட்டால் 41 33 64 என்று வர வேண்டும். 64 என்பது 100 கிலோபாஸ்கல். தானா ராத்தாவில் அதே கேள்விக்கு 55, அதாவது 85. அல்லது ஒன்று கூட. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத வண்டியில், சாவியைப் போட்டு இஞ்சினை முடுக்காமல் இன்டேக் அழுத்தத்தைக் கேட்டாலும் போதும். இஞ்சின் உறிஞ்சாதபோது உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுத்தம்தான். கேமரன் மலையில் நின்றுகொண்டு 101 என்று காட்டினால், சென்சார் கெட்டிருக்கிறது அல்லது ஆப் பதிலைப் படிக்காமல் ஏதோ ஒரு மாறா எண்ணைக் காட்டுகிறது.

அந்த எண் சோதனைக்கு மட்டும் பயன்படுவதில்லை. நூற்றில் பதினைந்து பங்கு காற்று குறைகிறது; டர்போ இல்லாத இஞ்சினின் முறுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். கீழேயிருந்து வந்தவர் "வண்டி இழுக்கவில்லை" என்று பதறி சென்சார் மாற்றக் கிளம்புவதற்கு முன் இந்த எண்ணைப் பார்த்தால் ஒரு செலவு மிச்சம்.

டேப்லெட் பக்கம் வருவோம். ஆண்ட்ராய்டில் சாதாரண புளூடூத் அடாப்டர் போதும். 1234 அல்லது 0000 என்று கொடுத்தால் இணைந்துவிடும். ஐபேடில் அதே அடாப்டர் ஆப்புக்கு எட்டாது. குறைந்த மின்சார புளூடூத் வகையோ, வைஃபை வகையோ வேண்டும். வைஃபை அடாப்டர் தானே ஒரு வலையமைப்பை உண்டாக்குகிறது. டேப்லெட் அதில் சேர்ந்ததும் இணையம் அறுந்துபோகலாம். சில ஆண்ட்ராய்டு கருவிகள் 'இங்கே இணையம் இல்லை' என்று தாமாகவே அதை விட்டு விலகிவிடுவதும் உண்டு. தோட்டச் சாலையின் பள்ளங்களில் தொலைபேசி அலை வந்து வந்து போகும். அங்கே ஒவ்வொரு முறையும் உள்நுழையச் சொல்லும், குறியீட்டின் விளக்கத்தை இணையத்திலிருந்து எடுக்கும் ஆப் கைகொடுக்காது. வாங்கும் முன்பே டேப்லெட்டின் இணையத்தை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

இனி ஆப்பின் உள்ளே. பளபளப்பான முள் காட்டிகளை விட இரண்டு விஷயங்கள் முக்கியம்: எண்களைக் காலவரிசையில் பதிவு செய்ய வேண்டும், இரண்டு மூன்றை ஒரே வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்ட வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு குறியீட்டை எடுத்துக்கொள்வோம்: பி0171. 'எரிபொருள் கலவை மெலிந்திருக்கிறது' என்பது அதன் பொருள். ஆக்சிஜன் சென்சார்தான் இந்தச் செய்தியைச் சொல்கிறது என்பதால் பலர் அந்தச் சென்சாரையே மாற்றிவிடுகிறார்கள். சேதி கொண்டுவந்தவனை அடிக்கிற வேலை அது. உள்ளே வரும் காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் கொண்ட இஞ்சினில் இதற்கு இரண்டு பொதுவான காரணங்கள். வெடித்த ரப்பர் குழாய் வழியாக அளக்கப்படாத காற்று நுழையலாம். அல்லது எரிபொருள் பம்பு தளர்ந்தோ, ஃபில்டர் அடைத்தோ பெட்ரோல் போதாமல் வரலாம்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது எரிபொருள் திருத்தம் என்ற எண். கணினி தன் கணக்குக்கு மேல் எத்தனை விழுக்காடு கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றுகிறது என்பதை அது சொல்லும். குழாய் ஓட்டை என்றால், இஞ்சின் சும்மா ஓடும்போது திருத்தம் 20-ஐத் தாண்டி நிற்கும். நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு ஏற்றினால் இறங்கும். ஓட்டை வழியே வரும் காற்று, மொத்தக் காற்றில் அப்போது சிறு பங்காகிவிடுகிறது. பம்பு தளர்ச்சி என்றால் நேர்மாறு: சும்மா நிற்கும்போது அமைதி, ரிங்லெட் ஏற்றத்தில் பாரத்தோடு மிதிக்கும்போது திருத்தம் மேலே மேலே போகும். மேட்டில் ஏறிய பத்து நிமிடப் பதிவு இதைக் காட்டிவிடும். குறியீட்டை மட்டும் வாசித்து ஒரு வரி விளக்கம் தரும் ஆப்பால் இதைக் காட்டவே முடியாது.

கே லைன் வண்டி வைத்திருப்பவர்கள் இங்கே கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும். கேன் நொடிக்கு 5,00,000 பிட் வேகத்தில் பேசும்; கே லைன் ஏறக்குறைய 10,400. திரையில் பன்னிரண்டு காட்டிகளை வைத்தால் ஒவ்வொன்றும் பல நொடிக்கு ஒருமுறைதான் அசையும். மூன்று எண் போதும்.

குளிர்நீரின் சூட்டைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும்; மலையில் அதிகம் ஏமாற்றும் எண் அது. தானா ராத்தாவின் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி ரப்பர் வளையத்தால் அழுத்தத்தைப் பிடித்துவைத்திருப்பதால்தான் குளிர்நீர் அந்தச் சூட்டைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. வளையம் நைந்துபோன வண்டியில் டேப்லெட் 97 என்று காட்டும். கீழே ஈப்போவில் அதே 97-இல் ஒன்றும் ஆகாததால் ஓட்டுநர் தைரியமாக ஏறுவார். மேலே நீர் கொதித்து, நீராவியாகப் பீறிடும். இஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறவிட்ட பிறகு மூடியைக் கையால் கழற்றி ரப்பரைத் தடவிப் பார்க்க வேண்டும்; இதற்கான சோதனை எந்த ஆப்பிலும் இல்லை.

இறக்கத்தில் இன்னொரு எல்லை தெரியவரும். தாப்பா சாலையில் இறங்கும்போது ஏபிஎஸ் விளக்கு எரிந்தால், பொது ஆப் பெரும்பாலும் 'குறை எதுவும் இல்லை' என்று சொல்லும். அது பொய் சொல்லவில்லை. அது கேட்டது புகைக்கணினியிடம், பிரேக் கணினியிடம் அல்ல. இங்கே நிறுவனத்தின் தனிமொழி தெரிந்த மென்பொருள் தேவைப்படுகிறது. ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு ஃபோர்ஸ்கேன் அப்படிப்பட்டது. ஃபோர்டு, மஸ்டா குடும்பத்தின் மொழியை அது நன்றாக அறியும். ஆனால் பல ஃபோர்டு வண்டிகளில் 3-ஆம் துளையிலும் 11-ஆம் துளையிலும் இரண்டாவது கேன் வலை ஒன்று ஓடுகிறது. அதையும் தொட, இரண்டு வலைக்கும் மாறக்கூடிய அடாப்டர் வேண்டும். இங்கே ஆப்பை முதலில் தீர்மானித்துவிட்டு அதற்கேற்ற அடாப்டரைத் தேடுவதே முறை. டொயோட்டாவுக்கும் மற்றவற்றுக்கும் இப்படியே, அந்தந்த மொழி அறிந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லா ஆப்பிலும் இருக்கும், எல்லோர் விரலும் போகும் ஒரு பொத்தான்: குறியீட்டை அழி. விளக்கு அணைந்துவிடும், மனமும் ஆறிவிடும். கூடவே ஒன்று தொலைந்துபோகும். குறை பதிவான நொடியில் இஞ்சின் என்ன வேகத்தில் ஓடியது, எவ்வளவு பாரம், எவ்வளவு சூடு என்று கணினி ஒரு படம் எடுத்து வைத்திருக்கும், அதுவும் அழிந்துவிடும். ஃபோர்மனுக்கு அந்தப் படம்தான் துப்பு. நல்ல ஆப் அதைச் சேமித்து, அனுப்பவும் வழிசெய்யும். ஃபோர்மனுக்கு வாட்ஸ்அப்பில் அந்தப் பக்கத்தை அனுப்பிவிட்டு வண்டியை எடுத்துப் போகிறவருக்கும், 'நேற்று ஏதோ எரிந்தது, அணைத்துவிட்டேன்' என்று சொல்கிறவருக்கும் பட்டறையில் ஆகும் நேரமே வேறு.

வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிட வேண்டும். 16-ஆம் துளையில் எப்போதும் மின்சாரம் இருப்பதை மறக்கக் கூடாது. அடாப்டர் 50 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்தால், ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. இரண்டு வாரம் நிறுத்திவைத்த சிறு காரின் பேட்டரியில் கிட்டத்தட்ட பாதி போய்விடும். இன்னொரு காரணமும் உண்டு. இந்தத் துளை கேள்விகளை மட்டும் ஏற்பதில்லை, கட்டளைகளையும் ஏற்கும். 2015-இல் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், இந்த இணைப்பில் செருகிய ஒரு கருவிக்குக் குறுஞ்செய்தி அனுப்பியே கார்வெட் காரின் வைப்பரை ஓடவிட்டார்கள், மெதுவாகப் போகும்போது அதன் பிரேக்கையும் செயலிழக்கச் செய்து காட்டினார்கள். 1234 என்ற கடவுச்சொல்லோடு நாள் முழுவதும் செருகிக் கிடக்கும் அடாப்டர் யாரையும் உள்ளே விடும்.

கேமரன் மலையில் சுங்கை பாலாஸ் தோட்டத்தைத் தாண்டிப் போகும் சாலை மேலும் ஏறி, 2,000 மீட்டருக்குச் சற்று மேலே குனோங் பிரிஞ்சாங் உச்சிவரை போகிறது. புதிதாக அடாப்டர் வாங்கியவர் அங்கே ஒருமுறை வண்டியை ஓரமாக நிறுத்தி, இஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் திருப்பிக் காற்றழுத்தத்தைக் கேட்டுப் பார்க்கலாம். 50 என்று பதில் வர வேண்டும். பதினாறின் அடியில் 50 என்பது 80 கிலோபாஸ்கல். ஒன்று முன்பின் இருக்கலாம்.